அம்மா அப்பாவை ஒன்சென் கூட்டிட்டுப் போகலாமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க

கவாசாகி கும்பகோணத்தான்

வணக்கம். ஜப்பானில் கவாசாகிக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. நவம்பரில் அப்பா அம்மா மூன்று வாரம் வந்து தங்கப் போகிறார்கள். அப்பாவுக்கு 68, பிரஷர் மாத்திரை போடுகிறார், முழங்கால் வலியும் உண்டு. அம்மாவுக்கு 62. இரண்டு பேரும் சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது.

ஒரு ராத்திரியாவது ரியோகான் என்ற பழைய மாதிரி விடுதியில், டடாமி என்ற கோரைப்பாய்த் தரை போட்ட அறையில் தங்கவைத்து, ஒன்சென் என்ற வெந்நீர் ஊற்றில் குளிக்கவைத்து அனுப்ப வேண்டும் என்று ஆசை. ஆபீஸில் எல்லோரும் குசாத்சு என்ற ஒன்சென் ஊருக்குப் போ என்கிறார்கள். அங்கே எல்லோரும் துணியில்லாமல்தான் இறங்க வேண்டும் என்ற விஷயத்தை வீடியோ காலில் அம்மாவிடம் சொன்னேன். "துணியில்லாமலா? நாலு பேர் நடுவுலயா? நீயும் அப்பாவும் போயிட்டு வாங்க. நான் ரூம்ல உக்காந்து கந்தர் சஷ்டி சொல்லிக்கிட்டிருக்கேன்" என்று போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டார்.

நைட்டியோ நீச்சல் உடையோ போட்டுக்கொண்டு இறங்க விடுவார்களா? சைவச் சாப்பாடு கேட்டால் தருவார்களா? பிரஷர்காரர் அந்தச் சூட்டில் இறங்கலாமா? நான் பார்த்து வைத்திருக்கும் இடத்தில் ராத்திரிக்கு 22,000 யென் போட்டிருக்கிறது. மூன்று பேருக்கு அது பரவாயில்லை என்று தோன்றுகிறது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

நிஷிகசாய்வாசி

தம்பி, அந்த 22,000 ஒரு ஆளுக்கு. ரூமுக்கு இல்ல. ரியோகான்ல ராத்திரிச் சாப்பாடு, காலைச் சாப்பாடு எல்லாம் சேர்த்துத் தலைக்கு இவ்வளவுன்னுதான் பெரும்பாலும் கணக்கு. மூணு பேருக்கு 66,000. அதுக்கு மேல குளியல் வரின்னு ஒண்ணு இருக்கு, பொதுவா தலைக்கு 150 யென். கிளம்பும்போது "இது என்னடா புதுசா"ன்னு முழிக்காதீங்க.

நைட்டி, நீச்சல் உடை ரெண்டும் நடக்காது. கஷிகிரின்னு சொல்ற தனிக் குளியல் இருக்கற இடமா தேடுங்க. முக்கால் மணி நேரம் கதவைச் சாத்திட்டு உங்க குடும்பம் மட்டும் குளிக்கலாம். சில இடத்துல இலவசம், சில இடத்துல ரெண்டாயிரம் மூவாயிரம் கேப்பாங்க. அம்மாவும் அப்பாவும் ஜோடியா போகட்டும். விஷயம் முடிஞ்சுது.

சைத்தாமா மருமகள்

முடியவில்லை அண்ணா. தம்பி கவலைப்படும் வரிசையே தப்பு. துணி விஷயம் பத்து நிமிஷத்தில் தீர்ந்துவிடும். தீராதது சாப்பாடு. அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது, அதை ஆபீஸ்காரர்கள் யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்: அங்கே வருவது என்ன தண்ணீர் என்று பாருங்கள்.

நான் மாமியார் மாமனாரைக் குசாத்சுவுக்குத்தான் கூட்டிப் போனேன். மார்ச் கடைசி. ரோட்டோரத்தில் இன்னும் பனி குவிந்து கிடந்தது. ஊர் நடுவில் யுபதாகே என்று வெந்நீர் வயல், ஏழு மர வாய்க்கால்களில் ஆவி பறக்கத் தண்ணீர் ஓடும். ஊரில் உள்ள எல்லா ஊற்றையும் சேர்த்தால் நிமிஷத்துக்கு 32,000 லிட்டருக்கு மேல், பம்ப் இல்லாமல் தானாகப் பொங்குகிறது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் மாமியார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எங்கேயோ சாக்கடை உடைச்சுக்கிட்டிருக்கு பாரு" என்றார்.

அந்த வாசனை கந்தகம். போதாததற்கு அது அமிலத் தண்ணீர், பிஹெச் இரண்டு சொச்சம், கிட்டத்தட்ட எலுமிச்சைச் சாறு. கண்ணில் பட்டால் எரியும். முதல் குளியல் முடிந்து காலைத் துடைக்கும்போதுதான் பார்த்தோம், மாமியாரின் மெட்டி இரண்டும் அடுப்புக்கரி மாதிரி கறுத்துக் கிடந்தன. முப்பத்தெட்டு வருஷமாகக் கழற்றாத வெள்ளி மெட்டி. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் பயமாக இருந்தது. அன்று ராத்திரி டடாமியில் உட்கார்ந்து, அவர் பையில் இருந்த விபூதிப் பொட்டலத்தைப் பிரித்து, கைக்குட்டையால் விரல் விரலாகத் தேய்த்தேன். முக்கால்வாசி வெளுத்தது. மீதியை ஊரில் ஆசாரியிடம் கொடுத்துச் சரிசெய்தார். இன்றைக்கும் யாராவது ஜப்பான் பேச்சை எடுத்தால் அவர் காலைத்தான் முதலில் நீட்டிக் காட்டுகிறார்.

மாமனார் கதை வேறு. பொதுப்பணித்துறையில் இருந்து ரிட்டையர் ஆனவர். இவ்வளவு அமிலத் தண்ணீரும் ஆற்றில்தானே இறங்குகிறது, கீழே இருக்கிற பாலம் என்ன ஆகும் என்பது அவர் கேள்வி. தேடிப் படித்துச் சொன்னேன்: 1964-லிருந்து ராப்பகலாகச் சுண்ணாம்புக்கல் பொடியைக் கரைத்து ஆற்றில் விட்டுக்கொண்டே இருக்கிறார்கள், ஒரு நாள் நிறுத்தினாலும் ஆகாது. அவ்வளவுதான், குளியலை மறந்துவிட்டார். "எத்தனை டன்னு? லாரியில வருதா, எங்கேருந்து வருது?" என்று சாப்பாடு வரைக்கும் அதே பேச்சு.

அதனால் உங்களுக்கு என் ஓட்டு ஹாகோனே யுமோட்டோ என்ற ஒன்சென் ஊர். அங்கே பெரும்பாலும் காரத்தன்மையுள்ள சாதாரண வெந்நீர். நாற்றம் கிடையாது, தோல் வழவழவென்று இருக்கும், மெட்டிக்கு ஆபத்தில்லை. கவாசாகியிலிருந்து ஒதவாரா வரை டோக்காய்டோ ரயில், அங்கிருந்து மலை ரயிலில் கால் மணி நேரம். குசாத்சுவுக்கு டோக்கியோ உவேனோவிலிருந்து ரயிலே இரண்டரை மணி நேரம் பிடிக்கும், அப்புறம் பஸ் வேறு. முழங்கால்காரரை அவ்வளவு தூரம் இழுக்காதீர்கள். ஹாகோனேயிலேயே மேலே போகப்போகக் கந்தகத் தண்ணீர் வரும் இடங்களும் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரில் என்னென்ன இருக்கிறது, யார் யார் குளிக்கக்கூடாது என்று எழுதி மாட்டவேண்டும் என்பது இங்கே சட்டம். உடை மாற்றும் அறைச் சுவரில் தொங்கும். நம் ஆட்கள் யாரும் அதைப் படிப்பதில்லை.

இப்போது சாப்பாடு. முன்கூட்டியே போன் பண்ணி, கறி மீன் முட்டை எதுவும் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். "சரி, சரி" என்று இரண்டு தடவை சொன்னார்கள். ராத்திரி ஆறரைக்குப் பதினோரு கிண்ணம் வந்தது, ஒவ்வொன்றும் பொம்மைக் கல்யாணத்துச் சீர் மாதிரி அழகு. முதல் மூடியைத் திறந்தால் தெளிந்த சூப், மேலே கேரட்டில் வெட்டிய ஒரு பூ. மாமியார் மோந்து பார்த்துவிட்டு மூடியைத் திரும்பப் போட்டார். "மீன் கழுவின தண்ணி." தாஷி! கத்சுவோ என்ற மீனைக் காயவைத்துச் சீவி எடுக்கும் சாறு. சூப்பில், கீரையில், வேகவைத்த முள்ளங்கியில், எல்லாவற்றிலும் அதுதான். சமையல்காரர் மேல் குற்றம் சொல்லமாட்டேன். நமக்குப் பெருங்காயம் எப்படியோ அவருக்கு அது அப்படி, அதை ஒரு மீனாகவே அவர் கணக்கில் வைக்கவில்லை. அன்றைக்கு நாங்கள் வெறும் சோற்றில் பருப்புப்பொடியும் நல்லெண்ணெயும் போட்டுப் பிசைந்துதான் சாப்பிட்டோம். தலைக்கு 24,000 கொடுத்து!

அதனால் சுதோமரி என்று கேளுங்கள், சாப்பாடு இல்லாமல் அறை மட்டும். விலை நன்றாக இறங்கும். புளிசாதம், தயிர்சாதம் கட்டிக்கொண்டு போய்விடுங்கள். கடையில் வாங்குகிற ஒனிகிரி என்ற சோற்று உருண்டையை நம்பாதீர்கள், ஊறுகாய் வைத்ததில்கூட அந்த மீன் சாறு கலந்திருக்கும், போன் கேமராவில் லேபிளைப் படித்துப் பாருங்கள். ரியோகான் சாப்பாடுதான் வேண்டும் என்றால், "கொம்பு என்ற கடற்பாசியில் மட்டும் தாஷி எடுக்க முடியுமா" என்று இதே வார்த்தையில், ஒரு வாரம் முன்னால் கேளுங்கள். சில இடங்களில் செய்கிறார்கள். முழுச் சைவம் வேண்டுமென்றால் கோயாசான் மலையில் 50-க்கும் மேற்பட்ட கோயில்களில் தங்கவிடுகிறார்கள், வெங்காயம் பூண்டுகூட இல்லாத சமையல். ஆனால் அது ஒசாகா பக்கம், குளியலுக்காகப் போகிற இடமும் இல்லை.

துணி பற்றி. மாமியாரும் இதே பேச்சுத்தான் பேசினார். ராத்திரி பத்தரைக்கு மேல் கூட்டிப் போனேன், உள்ளே இரண்டே பேர். மாமியார் கண்ணாடியைக் கழற்றிக் கூடையில் வைத்தார். உள்ளே ஒரே ஆவி. அவருக்கு எதிரே யாரும் தெரியவில்லை. தனக்கு யாரும் தெரியாததால் தானும் யாருக்கும் தெரியமாட்டோம் என்று முடிவு கட்டிவிட்டார், பூனைக் கணக்கு. மறுநாள் காலை ஐந்தரைக்கு என்னை எழுப்பியது அவர்தான், மெட்டியைக் கழற்றிப் பர்ஸில் போட்டுக்கொண்டு.

அம்மாவிடம் முன்னாலேயே சொல்லிவையுங்கள்: தொட்டியில் இறங்குவதற்கு முன் சின்ன முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் குளித்துவிட வேண்டும். தொட்டி ஊறுவதற்கு மட்டும்தான். தலையில் தேங்காய் எண்ணெய் இருந்தால் ஷாம்பு போட்டு அலசாமல் இறங்கவே கூடாது, தண்ணீரில் படலம் மிதக்கும். முடியைத் தூக்கிக் கொண்டை போடவேண்டும், தண்ணீரில் படக்கூடாது. கையில் தரும் சின்னத் துண்டை நடக்கும்போது முன்னால் பிடித்துக்கொள்ளலாம், தண்ணீரில் நனைக்காமல் தலைமேல் வைத்துக்கொள்வார்கள். ரியோகானில் உடுத்தத் தரும் யுகதா என்ற அங்கியில் இடப்பக்கம் மேலே வரவேண்டும். மாமியார் மாற்றிக் கட்டிக்கொண்டு வராந்தாவில் வர, ரியோகான் அம்மா ஓடிவந்து பதறிப்போய் அவிழ்த்துத் திரும்பக் கட்டிவிட்டார். வலது மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்துவது.

இன்னொன்று. பல இடங்களில் ஆண்கள் குளியலையும் பெண்கள் குளியலையும் ராத்திரியோடு ராத்திரி மாற்றிவிடுவார்கள், இரண்டையும் எல்லோரும் பார்க்கட்டும் என்று. என் வீட்டுக்காரர் காலையில் தூக்கக் கலக்கத்தில் "நேத்து வந்த இடம்தானே" என்று திரையை விலக்கப் போனார். பின்னால் வந்த மாமனார் சட்டையைப் பிடித்து இழுத்ததால் மானம் தப்பியது. திரையின் நிறத்தைப் பார்த்துப் போகச் சொல்லுங்கள், பொதுவாக நீலம் ஆண்கள், சிவப்பு பெண்கள்.

பழைய சோறு

பிரஷர் பத்தி யாரும் சொல்லல. எங்கப்பாவும் பிரஷர்காரர், ரெண்டு தடவை கூட்டிட்டுப் போயிருக்கேன். முதல்ல டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க. இங்க நுகர்வோர் விவகாரத்துறை வயசானவங்களுக்குச் சொல்ற கணக்கு 41 டிகிரிக்கு மேல வேண்டாம், பத்து நிமிஷத்துக்கு மேல வேண்டாம். ஒன்சென்ல 42, 43ன்னு சாதாரணமா இருக்கும். பல இடத்துல ரெண்டு தொட்டி வச்சிருப்பாங்க, சூடு கம்மியானதுல விடுங்க.

சூட்டைவிட ஆபத்து குளிரு. வெளியில சில்லுனு இருக்கற இடத்துல துணியைக் கழட்டிட்டு நேரா வெந்நீர்ல இறங்கினா பிரஷர் ஏறி இறங்கிரும். காலுலேருந்து ஆரம்பிச்சு மெதுவா மேல வரைக்கும் தண்ணி மோந்து ஊத்திக்கச் சொல்லுங்க, அப்புறம் இறங்கட்டும். நெஞ்சு வரைக்கும் போதும், கழுத்து வரைக்கும் முங்க வேண்டாம். எந்திரிக்கும்போது மெதுவா, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு. எங்கப்பா படக்குனு எந்திரிச்சு ஒருதடவை கண்ணு இருட்டி என் தோள்ல சாஞ்சுட்டார். சாப்பிட்ட உடனே வேண்டாம். போனதும் ரூம்ல டீயும் ஒரு சின்ன இனிப்பும் இருக்கும், வெறும் வயித்தோட குளிக்கப் போகக்கூடாதுன்னுதான் அது, வேண்டாம்னு வச்சிராதீங்க.

முழங்காலுக்குக் கட்டில் போட்ட டடாமி ரூம் கேட்டு வாங்குங்க. தரையில விரிக்கற ஃபுட்டான் மெத்தையில படுத்தா காலையில கிரேன் வச்சுத்தான் தூக்கணும்.

அம்மா கையில பச்சை குத்தியிருக்காங்களா? எங்கம்மாவுக்கு முழங்கைக்குக் கீழ கோலம் மாதிரி இருக்கு. பச்சை இருந்தா பொதுக் குளியல்ல விடாத இடம் இன்னும் நிறைய. நாங்க போன இடத்துல தோல் நிறத்துல ஒரு ஸ்டிக்கர் குடுத்தாங்க, ஒட்டிக்கிட்டுப் போனாங்க. தனிக் குளியல்னா இந்தப் பிரச்சனையே இல்ல.

கவாசாகி கும்பகோணத்தான்

எல்லோருக்கும் நன்றி. ஹாகோனே யுமோட்டோவில் கட்டில் உள்ள அறை, சாப்பாடு இல்லாமல், முக்கால் மணி நேரம் தனிக் குளியலோடு புக் செய்துவிட்டேன். அம்மா கையில் பச்சை இல்லை. மெட்டிக் கதையைச் சொன்னேன். தாலியையும் கழற்றச் சொல்வாயா என்று சண்டைக்கு வந்தார். யுமோட்டோ தண்ணீரில் ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருக்கிறேன், சரிதானே?

கடைசியில் அரைமனதாகச் சம்மதித்துவிட்டார். ஆனால் புதிதாக ஒன்று கிளம்பியிருக்கிறது. தீபாவளி அந்த வாரம்தான் வருகிறது. "அத்தனை வெந்நீர் இருக்கில்ல, அங்கேயே எண்ணெய் தேச்சு கங்கா ஸ்நானம் பண்ணிடலாமே" என்கிறார். நல்லெண்ணெய் காய்ச்சி எடுத்து வருவாராம்.

சைத்தாமா மருமகள்

தாலி மஞ்சள் கயிறா, தங்கச் செயினா? செயின் என்றால் கவலையில்லை. கயிறு என்றால் மஞ்சள் கரையும், தனிக் குளியலே ஆனாலும் பின்னால் வருகிறவர்களும் அதே தண்ணீரில்தான் இறங்குவார்கள். கொண்டையோடு சேர்த்து மேலே தூக்கிச் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள், என் மாமியார் அப்படித்தான் செய்தார்.

எண்ணெயை அறைக்குள் இருக்கும் பாத்ரூமில் தேய்த்து, சீயக்காய் போட்டு இரண்டு தடவை அலசிவிட்டு அப்புறம் இறங்கட்டும். பாட்டிலை டடாமியில் மட்டும் வைக்க விடாதீர்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் அந்தக் கறை போகாது, பாய்க்குக் காசு கேட்பார்கள்.