மச்சம் (மீன், இறைச்சி) விடுறது: தீர்த்தம் முடிஞ்ச கையோட ஏன் தவறுது?

நல்லூரடி:
நல்லூர்க் கோயில் கொடியேற்றத்திலயிருந்து தீர்த்தத் திருவிழா வரை 25 நாள். கேதார கௌரிக்கு 21, கந்தசஷ்டிக்கு 6. வருசத்தில வெள்ளிக்கிழமை மட்டும் 52. கூட்டிப் பார்த்தால் விரதம் பிடிக்கிற வீட்டில கிட்டத்தட்ட நூறு நாள் மச்சச்சட்டி அடுப்பேறாது. அப்பிடிப் பழகின ஆக்களே தீர்த்தம் முடிய அடுத்தநாள் விடிய பாசையூர்ச் சந்தையில நிக்கினம். கோயில் கணக்குக்காக இல்லாமல், இறைச்சியும் மீனும் ஆசையாச் சாப்பிடுற ஒரு ஆள் நிரந்தரமா விடுறதெண்டால் எங்க பிழைக்குது, என்ன செய்ய வேணும்? புத்திமதி வேண்டாம். அளவும் முறையும் எழுதுங்கோ.

கரவெட்டிக்காரி:
பிழைக்கிற இடம் அடுப்படிதான். விரதச் சமையல் வேற, மரக்கறிச் சமையல் வேற. விரதத்துக்கு உள்ளி போடமாட்டம், கனவீட்டில வெங்காயமும் இல்லை. ஒரு பாற்கறி, ஒரு கீரை, வாழைக்காய்ப் பொரியல், தயிர். 25 நாளைக்கு அது காணும், ஏனெண்டால் முடியிற நாள் கலண்டரில இருக்கு. முடிவில்லாத சைவத்துக்கும் அதையே சமைச்சுக்கொண்டு போனால் மூண்டாம் கிழமை நாக்கு எதிர்க்கும்.

நாக்குத் தேடுறதை எழுதிப் பாருங்கோ: வறுத்த மிளகாய்த்தூள், பெருஞ்சீரகம், உள்ளி, இஞ்சி, கறுவா, ஏலம், றம்பை (வாசத்துக்குப் போடுற இலை), எண்ணெய் மிதக்கிற தடிச்ச குழம்பு, பல்லில கடிபடுற துண்டு. கடைசியைத் தவிர எல்லாம் செடியிலயும் மரத்திலயும் இருந்து வாற சாமான்தான். ஆனபடியா இறைச்சிக்கறியின்ர கைப்பக்குவத்தை அப்பிடியே மரக்கறிக்கு மாத்த வேணும். முதல்ல பழக வேண்டியது பிஞ்சுப் பலாக்காய்.

கொட்டை முத்தாத காய் பாருங்கோ. கத்தியைக் கொட்டையில விட்டால் தடையில்லாமல் வெட்டுப்பட வேணும். கையிலயும் கத்தியிலயும் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு வெட்டினால் பால் ஒட்டாது. தோலும் நடுத்தண்டும் போக அரைக்கிலோ சதை வேணும். இறைச்சித்துண்டு அளவுக்கு, ஒண்டரை அங்குலமா வெட்டி மஞ்சள் கரைச்ச தண்ணியில போடுங்கோ, இல்லாட்டிக் கறுக்கும். உப்புப் போட்டு 15 நிமிசம் அவிச்சு அந்தத் தண்ணியை ஊத்திவிடுங்கோ, கயர் அதோட போகும். வடிச்சுப் பத்து நிமிசம் காத்தாட விட்டு, 3 மேசைக்கரண்டி எண்ணெயில ஓரம் சிவக்கப் பொரிக்க வேணும். இந்தப் பொரிப்பை விட்டவையின்ர கறிதான் "பலாக்காய் போலத்தான் இருக்கு" எண்டு பேர் வாங்கிறது. சிவந்த ஓரத்திலதான் இறைச்சிக்குக் கிட்டின வாசம் வரும்.

அதே சட்டியில பெருஞ்சீரகம் 1 தேக்கரண்டி, சின்ன வெங்காயம் 100 கிராம், இடிச்ச உள்ளி 8 பல், ஒரு அங்குல இஞ்சி, கறிவேப்பிலை, ஒரு துண்டு றம்பை. வதங்க 2 தக்காளி, பிறகு வறுத்த தூள் 3 தேக்கரண்டி. தூள் எண்ணெயில அரை நிமிசம் பிரளட்டும், அதுக்கு மேல விட்டால் கருகிக் கைக்கும். தேங்காயின்ர இரண்டாம் பால் ஒண்டரைக் கப் விட்டு, பொரிச்ச துண்டுகளைப் போட்டு மூடி 20 நிமிசம் சின்ன நெருப்பு. முதற்பால் அரைக்கப் விட்டு ஒரு கொதி. இறைச்சிச் சரக்கு (இறைச்சிக்கறிக்குப் போடுற வாசனைத்தூள்) அரைத் தேக்கரண்டி தூவி இறக்குங்கோ. தேசிக்காய்ப் புளி சட்டி அடுப்பால இறங்கின பிறகுதான். கொதிக்கேக்க விட்டால் பால் திரையும்.

பண்ணைக்காத்து:
அக்கா சொன்னது இறைச்சிக்குச் சரி. ஆனால் யாழ்ப்பாணத்தில ஆட்டிறைச்சி ஞாயிற்றுக்கிழமைச் சாமான். ஒவ்வொரு நாளும் கோப்பையில விழுறது மீன், நெத்தலி, ஒரு துண்டுக் கருவாடு. அதால விடுற ஒழுங்கும் வேற மாதிரி வர வேணும். முதல்ல ஆடு, பிறகு கோழி, பிறகு பெரிய மீன், கடைசியா நெத்தலி, கருவாடு, மாசி (சம்பலுக்குப் போடுற காய்ஞ்ச மீன்). தலைகீழா, "சின்னச் சாமான்தானே" எண்டு கருவாட்டில தொடங்கிறவை கெதியில திரும்பிவிடுவினம். ஒவ்வொண்டுக்கும் நாலு கிழமை விட்டால் காணும். ஒரு படி விட்டால் அதின்ர இடத்தில ஒரு கறி நிரந்தரமா வந்து இருக்க வேணும். வெறுமனே குறைக்கப்படாது.

மீன்குழம்புக்கு மாற்று பொரிச்ச கத்தரிக்காய். நாலாப் பிளந்து உப்பு மஞ்சள் பிரட்டி, மண்ணிறம் வரப் பொரிச்செடுங்கோ. தேசிக்காயளவு பழப்புளி ஒரு கப் தண்ணியில, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, வெங்காயம், பச்சைமிளகாய், தூள் 2 தேக்கரண்டி. நல்லா வத்தின பிறகு தடிச்ச பால் அரைக்கப், பிறகு கத்தரிக்காய். முருங்கைக்காய் சேர்த்தால் இன்னும் நல்லம், சூப்பிற வேலை வாய்க்குக் கிடைக்கும். மீன்குழம்பைப் போல இதுவும் மறுநாள்தான் ருசி. சுடச்சுடச் சாப்பிட்டுச் சரியில்லையெண்டு சொல்லாதேங்கோ.

சுன்னாகச் சந்தி:
சோயாமீற்றைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை. சந்தியில நிக்கிற எந்தக் கடையிலயும் இருக்கு, பலாக்காய் போலப் பருவம் பார்க்கத் தேவையில்லை.

கரவெட்டிக்காரி:
எழுதாததுக்குக் காரணம், கனபேர் அதைப் பழுதாக்கித்தான் சமைக்கினம். 90 கிராம் பக்கற்றை உப்புத்தண்ணியில பத்து நிமிசம் கொதிக்கவிட்டு, பச்சைத்தண்ணியில போட்டுப் பிழிய வேணும். மூண்டு தரம், ஒவ்வொரு தரமும் புதுத்தண்ணி. பிழியிற தண்ணி தெளிவா வந்தால் அவரைமணம் போயிட்டுது எண்டு அர்த்தம். பிறகு தயிர் 2 மேசைக்கரண்டி, தூள், உப்புப் பிரட்டி அரைமணித்தியாலம். பொரிச்சுக் கறியில போடுங்கோ. ஊறின சோயாவை நேரே பாலுக்குள்ள போட்டால் தண்ணி குடிச்ச பஞ்சுதான். உள்ளுக்கு இருக்கிற சுவைத்தூள் பையைத் திருப்பி வாசியுங்கோ. கோழி, இறால், கணவாய் எண்டு படம் போட்டதில சிலது செயற்கைச் சுவை, சிலது அப்பிடியில்லை. ஐமிச்சமெண்டால் எறிஞ்சுபோட்டு வீட்டுத்தூளைப் போடுங்கோ, ருசியும் அதுதான் திறம்.

சுன்னாகச் சந்தி:
வெளிச் சாப்பாட்டுக்கு நான் எழுதிறன். கலியாண வீடு பயமில்லை, சைவ வீட்டுப் பந்தி மரக்கறிதான். சறுக்கிறது பின்னேரக் கடையில.

மரக்கறிக் கொத்து: றொட்டி, கோவா (முட்டைக்கோஸ்), கரட் எல்லாம் சரி, ஈரப்பதத்துக்கு ஊத்திற குழம்பு கன கடையில கோழிக்குழம்பு. "முட்டை வேண்டாம், பருப்பு ஊத்துங்கோ, கல்லைத் துடைச்சுப்போட்டுக் கொத்துங்கோ" எண்டு மூண்டையும் சேர்த்துச் சொல்ல வேணும். முதலாவதை மட்டும் சொன்னால் மற்ற ரெண்டும் நடக்காது. மரக்கறிப் பிறைட்றைஸில கோழிக் கியூப்பும் சிப்பிச் சோசும் விழலாம். மரக்கறி றோலுக்குத் தூள் ஒட்ட முட்டையில தோய்க்கிறது வழமை, பொரிக்கிற எண்ணெய் மீன் றோல் பொரிச்ச அதே எண்ணெய். சீனிச்சம்பலிலயும் கட்டைச் சம்பலிலயும் மாசி. பாணுக்குள்ள சம்பல் வைச்சு விக்கிறதையும் கேட்டுத்தான் வாங்க வேணும். யோகட் கப்பின்ர பின்பக்கத்தில ஜெலற்றின் எண்டு இருக்கோ பாருங்கோ, அது விலங்குத் தோலிலயும் எலும்பிலயும் எடுக்கிறது. சட்டித்தயிரில அந்தப் பிரச்சினை இல்லை.

கேள்வி கேட்க மனமில்லாத நாளில முழுச் சைவக் கடைக்குப் போறதுதான் சுகம். ரவுண் சந்தைப் பக்கம் மலாயன் கபே இருக்கு.

வெள்ளைக்கோட்டு:
ருசியைப் பற்றி எல்லாரும் எழுதீட்டினம், உடம்புக் கணக்கை நான் சொல்லிறன். மச்சம் விட்ட முதல் மாதத்தில கூடுறது சோறு. கறி குறைஞ்ச இடத்தைச் சோறும் உருளைக்கிழங்கும் பிடிக்கும். நாலுமணிக்குப் பசிக்கும், தேத்தண்ணியோட பிஸ்கற் போகும். சீனி வருத்தக்காரருக்கு இது வினை.

வளர்ந்த ஆளுக்கு நிறையில கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் வேணும். 60 கிலோ ஆளுக்கு 48 கிராம். அவிச்ச கடலை ஒரு கப் 15, கட்டியா அவிச்ச பருப்பு ஒரு கப் 18, தயிர் ஒரு கப் 8, சோறு ரெண்டு கப் 8. கூட்டினால் சரியா வருது. ஆனால் எங்கட வீடுகளில பருப்பு ஒரு அகப்பைதான் கோப்பையில விழுது, கப் கணக்கில இல்லை. அங்கதான் ஓட்டை. காலமையில பயறு, கௌபி, கடலை மாறிமாறி வந்தால் பாதி அடைஞ்சிடும். வாய்வு கட்டுது எண்டு சொல்லுறவை எட்டு மணித்தியாலம் ஊறவிட்டு, ஊறின தண்ணியை ஊத்திப்போட்டு அவியுங்கோ. ஒரேயடியா ஒரு கப் வேண்டாம், கால் கப்பில தொடங்கி ரெண்டு மூண்டு கிழமையில கூட்டுங்கோ.

இரும்புச்சத்து: கீரையிலயும் பருப்பிலயும் இருக்கிறதை உடம்பு இறைச்சியில இருக்கிற அளவுக்கு உறிஞ்சாது. தேசிக்காய், நெல்லி, கொய்யா சேர்ந்தால் உறிஞ்சும். சாப்பாட்டோட தேத்தண்ணி குடிச்சால் கெடும். சாப்பிட்டுக் கை கழுவ முதலே பிளேன்ரீ கேக்கிற பழக்கத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுங்கோ.

B12 எண்ட உயிர்ச்சத்துத்தான் மறைஞ்சிருந்து அடிக்கிறது. ஒரு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம் வேணும், செடியில கிடைக்காது. ஒரு கப் பாலில ஏறக்குறைய 1.2, முட்டையில அரை. ஈரலில சேமிப்பு இருக்கிறபடியா விட்ட உடன ஒண்டும் தெரியாது, சில வருசம் கழிச்சுக் கால் விறைப்பு, நாக்கெரிவு, மறதி, களைப்பு எண்டு வரும், வயசு போட்டுது எண்டு விட்டிடுவினம். கீரை நிறையச் சாப்பிடுறவைக்கு இரத்தச்சோகை வெளியில தெரியாமல் நரம்பு முதல்ல பழுதாகலாம். நீரிழிவுக்கு மெற்போமின் நெடுநாளாப் போடுறவைக்கு இது இன்னும் குறையும். பால், முட்டை ரெண்டையும் விடுறவை குளிசை போடத்தான் வேணும். மற்றவை வருசத்துக்கு ஒருக்கால் இரத்தம் சோதிச்சால் காணும். சிறுநீரக வருத்தக்காரர் நான் எழுதின பருப்புக் கணக்கைப் பின்பற்றாதேங்கோ, வைத்தியரிட்டக் கேட்டுத்தான்.

மீன் விட்டால் அயடினும் போகுது. அயடின் போட்ட உப்பு எண்டால் கவலையில்லை. கல்லுப்பு மட்டும் பாவிக்கிற வீடு யோசிக்க வேணும்.

நல்லூரடி:
வீட்டில ஒரு ஆள் மட்டும் விட்டால்? ரெண்டு சமையல் ஆர் செய்யிறது?

கரவெட்டிக்காரி:
குழம்பை ஒண்டாக் கூட்டுங்கோ. வெங்காயம், உள்ளி, தூள், இரண்டாம் பால் வரை ஒரு சட்டி. பாதியை வேற சட்டிக்கு ஊத்திப் பொரிச்ச பலாக்காயைப் போடுங்கோ, மிச்சத்தில இறைச்சி. கூடுற வேலை பத்து நிமிசம். ஆனால் சட்டி தனி வேணும். மண்சட்டி மீன் மணத்தைக் குடிச்சு வைச்சிருக்கும், எத்தினை தரம் தேய்ச்சாலும் சூடேற அது வெளியில வரும், விட்ட ஆளுக்கு ஆசையும் அதோட வரும். புதுச்சட்டியை ஒரு நாள் தண்ணியில ஊறப்போட்டு, அரிசி கழுவின தண்ணியைக் கொதிக்கவிட்டு ஊத்தி, காய்ஞ்ச பிறகு உள்ளுக்குத் தேங்காயெண்ணெய் பூசிச் சின்ன நெருப்பில ஒருக்காச் சூடாக்குங்கோ. வெட்டுற பலகையும் வேற.

ஒடியல்மா:
கூழை மறந்திட்டியள். மச்சம் விட்டவை மழைநாளில விழுறது மீனும் நண்டும் போட்டுக் காய்ச்சுற கூழிலதான். நாலஞ்சு பேருக்கு ஒடியல் மா (காய்ஞ்ச பனங்கிழங்கு மா) 150 கிராம். தண்ணியில கரைச்சு அரைமணித்தியாலம் வைச்சால் மா அடியில உறையும், மேல்தண்ணியை ஊத்துங்கோ. மூண்டு தரம், கைப்பு அப்பதான் போகும். ரெண்டு லீற்றர் தண்ணியில ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை 20, மரவள்ளிக்கிழங்கு கால்கிலோ, பயற்றங்காய் 10. மூடாமல் அவியுங்கோ, மரவள்ளிக்கு அது முக்கியம். செத்தல் மிளகாய் 10, மஞ்சள், உப்பு அரைச்சுப் போட்டு, தேசிக்காயளவு புளி. கடல் ருசி போன இடத்துக்குச் சிப்பிக்காளான் 200 கிராம் கிழிச்சு, வெறுஞ்சட்டியில தண்ணி வத்திச் சிவக்குமட்டும் வறுத்துப் போடுங்கோ. ரெண்டு தக்காளியும். பச்சையாப் போட்டால் காளான் கூழுக்கு ஒரு ருசியும் குடுக்காது. மாவைக் கடைசியா, கரைச்ச பதத்தில, கிண்டிக்கொண்டே ஊத்தி, பத்து நிமிசம் கொதிச்சபிறகு ஒரு பிடி முருங்கையிலை. கட்டி பட்டால் நெருப்புக் கூட எண்டு அர்த்தம்.

காளான் மிஞ்சினால் ரெண்டு நாள் வெயிலில காயவிட்டு வறுத்து இடிச்சு வையுங்கோ. சம்பலுக்கு மாசி போடுற இடத்தில அரைத் தேக்கரண்டி போடலாம்.

நல்லூரடி:
நண்டுக்கறிக்கும் இரத்த வறைக்கும்?

கரவெட்டிக்காரி:
ரெண்டுக்கும் மாற்று இல்லைத் தம்பி. வாழைப்பூவில வறை செய்யலாம், நல்ல வறை, ஆனால் அது வாழைப்பூ வறை. இரத்த வறை போல எண்டு சொல்லிப் பரிமாறினால் சாப்பிடுறவர் ஒவ்வொரு வாயிலயும் ஒப்பிட்டுப் பார்த்து, வாழைப்பூவையும் வெறுத்துப்போடுவார்.