மறு: ‘கில்லட்டின் சோக்’ தமிழில்?

வணக்கம். பிரேசிலிய ஜியு ஜிட்சு என்னும் தற்காப்புக் கலைக் கையேட்டின் மொழிபெயர்ப்பை நாளை மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். எதிராளி குனிந்து வரும்போது தலையை அக்குளுக்குள் வாங்கி, முன்கையின் கட்டைவிரல் பக்க எலும்பைத் தாடைக்கடியில் கொடுத்து, மறுகையால் அந்த மணிக்கட்டைப் பற்றி, முழங்கையை உயர்த்தி நெஞ்சால் பிடரியை அழுத்தும் பிடி. ‘கழுத்துப்பூட்டு’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

——
> கழுத்துப்பூட்டு

வேண்டாம். பூட்டு என்றால் மூட்டை மடக்குவது. ஆர்ம்லாக்குக்குக் ‘கைப்பூட்டு’ போடுவீர்கள்தானே? இங்கே அடைபடுவது கழுத்தின் இருபக்கத் தமனிகள். சரியாக மாட்டினால் சுமார் 10 வினாடியில் நினைவு தப்பும். ‘முன்கழுத்து நெரி’ என்க.

——
‘நெரி’ என்றால் குரல்வளையைத்தான் நசுக்குவார்கள். புதியவர்களின் பிழையே அது: வலிக்கும், ஆள் அடங்கமாட்டார். சுற்றி இறுகுவதால் ‘மிடற்றுச்சுருக்கு’. மிடறு உயிர்த்தொடர்க் குற்றியலுகரம், றகரம் இரட்டும். புறநானூற்றில் ஔவை அதியமானை வாழ்த்தும் ‘மணிமிடற்று ஒருவன்’ நினைவிருக்குமே.

——
இன்றைக்கு மிடறு என்றால் ஒரு மிடறு தண்ணீர்தான் ஐயா.

புறம் என்றதும் 80ஆம் பாட்டு. ஆமூர் மல்லனைச் சோழன் பெருநற்கிள்ளி மடக்கியதைப் புலவர் சாத்தந்தையார் பாடுகிறார்: ஒரு கால் மார்பில், ஒரு கால் முதுகில். பிடிக்குப் பெயரே சொல்லவில்லை! மல் வடசொல் என்று யாரும் கிளம்பும் முன், தொல்காப்பியத்தில் ‘மல்லல் வளனே’ உண்டு. இன்னொன்று, ‘தலைவெட்டி’ என்று பெயர்க்காதீர்கள். மருத்துவர் கில்லட்டின் 1789இல் பரிந்துரைத்தவர்தான், தலைவெட்டும் பொறியைச் செய்தவர் அல்லர்.

——
மல்லல் இருக்கட்டும். எதிராளியின் ஒரு கையும் சேர்ந்து மாட்டும் வகைக்கு? அங்கே அவர் தோளே ஒரு பக்கத் தமனியை அடைக்கும்.

——
‘கைசேர் சுருக்கு’. தாய்ச்சொல் ‘கழுத்துச்சுருக்கு’ ஆகட்டும், பள்ளிப்பிள்ளைக்கும் புரியும்.

——
சுருக்கில் கழுத்து என்றால் தூக்குக்கயிறுதான் தெரியும். என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். களத்தில் எப்படியும் “கில்லட்டின்!” என்றுதான் கத்தப்போகிறார்கள், அப்படியே எழுதினால் என்ன?

——
நன்றி. எல்லோர் யோசனையையும் சேர்த்து ‘கழுத்துச்சுருக்கு (கில்லட்டின்)’ என்றே அனுப்புகிறேன். அடுத்த பக்கத்தில் இரண்டு நிற்கின்றன: கை கழுத்துப்பக்கம் நுழைந்து அக்குள் வழியே வந்தால் அனகோண்டா, அக்குளில் நுழைந்து கழுத்துப்பக்கம் வந்தால் டார்ஸ். பிறகு வான் ஃப்ளூ: எதிராளி பக்கவாட்டுக்குக் கடந்த பிறகும் சுருக்கை விடாதவரின் கழுத்தைத் தோளால் அடைப்பது. இவற்றுக்கு?