‘மாதிரித் தாங்கி’ வேண்டாம், ‘சாளரக்கலம்’ எனலாம்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

எக்ஸ்-கதிர் எனப்படும் ஊடுகதிரின் சிதறலைக் கொண்டு மூலக்கூறின் வடிவத்தை அறியும் ஆய்வில் கரைசலை வைத்திருக்கும் உறுப்புக்கு ‘மாதிரித் தாங்கி’ என்ற சொல் முன்மொழியப்பட்டிருக்கிறது. அதை என்னால் ஏற்க இயலவில்லை. ஈழத்தில் தாங்கி என்றால் தண்ணீர்த் தொட்டி. யாழ்ப்பாணத்து மாணவர் சில பத்து மைக்ரோலிட்டர் மட்டுமே கொள்ளும் இந்தப் பொருளைப் பெருந்தொட்டியாக எண்ணிக்கொள்வார். தமிழ்நாட்டுப் பாடநூல்களிலோ அமில-காரத் தன்மையை மாறாமல் காக்கும் கரைசலுக்குத் ‘தாங்கல் கரைசல்’ (buffer) என்ற சொல் முன்பே நிலைத்துவிட்டது. புரதத்தைத் தாங்கல் கரைசலில் கரைத்தே ஆய்கிறோம். அந்தப் புரதக் கரைசலின் சிதறலிலிருந்து தாங்கல் கரைசலின் சிதறலைக் கழித்தால்தான் புரதத்தின் வடிவம் தெரியும் என்பதால், ‘தாங்கியில் தாங்கலை நிரப்பி’ என்று பக்கந்தோறும் எழுத நேரும்.

கதிரின் பாதையில் திரவத்தை மாறாத தடிமனில் நிறுத்துவதே இவ்வுறுப்பின் தலையாய வேலை. தடிமன் கூடினால் சிதறும் மூலக்கூறுகள் கூடும், ஆனால் நீர் உறிஞ்சும் கதிரும் கூடும். தாமிர இலக்குள்ள ஊடுகதிர்க் குழாய் தரும் 1.54 ஆங்ஸ்ட்ராம் (மில்லிமீட்டரின் கோடியில் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம்) அலைநீளக் கதிருக்கு இவ்விரண்டும் ஒத்துப்போகும் தடிமன் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். அந்தத் தடிமனில் கதிரில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவே மறுபுறம் வந்து சேரும்.

அடுத்து, கதிர் நுழைந்து வெளியேறும் இரு முகங்கள். வடிவமைப்பவரின் கவலையெல்லாம் இங்கேதான் இருக்கிறது. பாலிஇமைடு என்ற நெகிழிப் படலம் எளிதில் கிழியாது, வெப்பம் தாங்கும். ஆனால் ஏறத்தாழ 15 ஆங்ஸ்ட்ராம் இடைவெளிக்குரிய வளையம் ஒன்றைச் சிதறல் படத்தில் தானே பதித்துவிடும். சிறுவயதில் காக்காப்பொன் என்று பொறுக்கிச் சேர்த்தோமே, அந்த மைக்காவைக் கத்தி முனையால் ஏடு ஏடாகப் பிரித்து 25 மைக்ரோமீட்டர் அளவுக்கு மெலிதாக்கினால், கதிர் சிறிதே விலகும் சிறுகோணத்தில் அது கதிரை மிகக் குறைவாகவே சிதறடிக்கும். இந்த முகங்களைச் சாளரம் என்றே வழங்குகிறோம். ஆகவே முழு உறுப்பையும் ‘சாளரக்கலம்’ எனலாம் என்பது என் முன்மொழிவு.

‘மாதிரிக்கலம்’ போதாதா என்று கேட்கலாம். ஈழத்து உயிரியலில் கலம் என்பது உயிரணுவைக் குறிக்கும். மாதிரி என்ற சொல்லோ ‘அதுபோன்ற’ என்ற பொருளையும் இழுத்துவரும். சாளரம் என்ற அடைமொழி சேர்ந்தால் இரண்டு மயக்கமும் தீரும்.

குவார்ட்ஸ் நுண்குழாய்க்கு இப்பெயர் முழுதும் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதன் சுவர் 0.01 மில்லிமீட்டர் தடிமனே உள்ளது. விரலிடையில் சற்று அழுத்தினாலே நொறுங்கிவிடும் அந்தச் சுவரே அங்கு சாளரமாகிறது. அதை ‘நுண்குழாய்க் கலம்’ என்று தனியே வழங்கலாம். கலத்தைக் கதிரின் முன் இருத்தும் உலோகச் சட்டத்துக்கு ‘ஏந்தி’ போதும்.

சொற்களைச் செய்முறை வாக்கியத்தில் இட்டுப் பார்த்தேன்: “சாளரக்கலத்தை ஏந்தியில் பொருத்தி, முதலில் தாங்கல் கரைசலை அளந்து, கலத்தை இடம் பெயர்க்காமல் கழுவி உலர்த்தியபின், குமிழி புகாதவாறு புரதக் கரைசலைச் செலுத்துக.” இதில் தடுக்கும் சொல் எதுவெனத் தோன்றினால் தெரிவியுங்கள்.