வழக்கறிஞர் ஒருவர் பன்னாட்டுப் பேச்சுவார்த்தைப் பணிக்குச் செல்ல இயலுமா?

ஈரோடு வழக்கறிஞர்:
வணக்கம். எனக்கு வயது 33. ஈரோட்டில் உரிமையியல் வழக்குகளை நடத்திவருகிறேன். மஞ்சள் மண்டி, விசைத்தறி சார்ந்த ஒப்பந்தத் தகராறுகளே பெரும்பாலும் வருகின்றன. நாடுகளுக்கிடையேயான வணிகப் பேச்சுவார்த்தைப் பணிக்கு இந்த வயதில் செல்ல வழி உண்டா? வழக்காடிய பழக்கம் அங்கே கைகொடுக்குமா, இடையூறாகுமா?

கோவை வாசகர்:
ஐயா, கோவையில் 1892-இல் பிறந்து சட்டம் பயின்ற ஆர்.கே. சண்முகம் செட்டியாரின் வாழ்க்கையைப் படித்துப் பாருங்கள். 1932-இல் பிரிட்டிஷ் பேரரசின் நாடுகள் தமக்குள் வரிச்சலுகைகளைப் பேசிய ஒட்டாவா மாநாட்டிலும், 1944 ஜூலையில் பன்னாட்டு நிதியத்தை (ஐ.எம்.எஃப்) உருவாக்க 44 நாடுகள் கூடிய பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டிலும் அவர் இந்தியக் குழுவில் இருந்தார். போர்க்காலத்தில் பிரிட்டன் நமக்குப் பட்டிருந்த ஸ்டெர்லிங் (பிரிட்டிஷ் பவுண்டு) கடனில் ஒரு பகுதியையேனும் பன்னாட்டு நிதியத்தின் வழியாக, பிற நாணயங்களாக மாற்றிக்கொள்ள இந்தியக் குழு அங்கே வாதாடியது. அது இரு நாடுகளும் தமக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டியது என்று பிரிட்டன் மறுத்துவிட்டது. நீதிமன்றமாக இருந்தால் கடனை மெய்ப்பித்ததுமே தீர்ப்புக் கேட்டிருக்கலாம். அங்கே தீர்ப்புச் சொல்ல எவருமில்லை. கேட்டது கிடைக்காதபோதும் மேசையை விட்டு எழாமல், கிடைக்கக்கூடியதைப் பெற்று வருவதுதான் அந்தப் பணி. ஊர் திரும்பினால் பாராட்டு கிடைக்கும் என்பதும் உறுதியில்லை: ஒட்டாவா உடன்பாட்டை ஆதரித்ததற்காகக் கடுமையாக எதிர்க்கப்பட்ட அவர், 1934 தேர்தலில் தோற்றார்.

திருப்பூர் ஏற்றுமதியாளர்:
உங்கள் பழக்கம் நிச்சயம் கைகொடுக்கும். பிரிட்டனுடன் 2025 ஜூலை 24-இல் கையெழுத்தான வணிக ஒப்பந்தத்தில் ஆடைகளுக்கான சுங்கவரி நீங்குகிறது என்பதை மட்டுமே எங்கள் ஊரில் பலர் பேசுகிறார்கள். ஆனால் 6109 என்ற சுங்க எண்ணில் செல்லும் ஒரு டி-சர்ட்டுக்கு அந்தச் சலுகை கிடைக்குமா என்பதை, அது எந்த நாட்டுப் பொருளாகக் கருதப்படும் என்று வகுக்கும் பிறப்பிட விதிகளே முடிவுசெய்கின்றன. அவற்றில் ஒரு வரி தவறினால் சரக்கு துறைமுகத்தில் முழு வரி கட்டும். மண்டி ஒப்பந்தங்களை வரிவரியாகப் படித்தவர்கள் இத்தகைய விதிகளை எழுதும் இடத்தில் இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

டெல்லியில் பணிபுரியும் கோபிக்காரர்:
வயதைப் பொறுத்தவரை, குடிமைப் பணித் தேர்வுக்குப் பொதுப்பிரிவினருக்கு 32, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 35 என வரம்பு உள்ளது. அந்தக் கதவு அடைபட்டிருந்தாலும், வெளியுறவு அமைச்சகத்தின் சட்டம் மற்றும் உடன்படிக்கைகள் பிரிவுக்கான சட்ட அலுவலர் பணியிடங்களை யூபிஎஸ்சி தனியாக அறிவிக்கிறது. அனுபவத் தகுதியை அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். வணிக அமைச்சகம் தொடங்கிய வணிக, முதலீட்டுச் சட்ட மையமும் வழக்கறிஞர்களை எடுக்கிறது. உங்கள் ஆர்வத்துக்கு முதலில் அங்கே விண்ணப்பிப்பதே பொருத்தம் என்பேன். பேச்சுவார்த்தைக் குழுக்களுக்குச் சட்டக் கருத்து எழுதித் தருவது அங்கே அன்றாட வேலை.