உதவி: பேஸ் கிட்டார் கம்பி விரலை அறுக்குது, அழுத்த சுலபமான ஸ்டீல் கம்பி எது? (ஏற்காடு)

குண்டுமல்லி_பேஸ்
ஞாயித்துக்கிழமை வாசிக்கணும். இருக்கிற கம்பி ரொம்ப கடினம், அரைமணி நேரத்துல விரல் நுனி செவந்து போகுது. மெத்துன்னு இருக்கிற ஸ்டீல் கம்பி எதுன்னு சொல்லுங்க. சேலத்துல கிடைக்கணும். அவசரம்ங்க.

நாலுரோடு_நாதம்
நாலு கம்பியா அஞ்சா? கேஜ் (கம்பித் தடிமன்) என்ன? ஸ்கேல் (அதிர்ற கம்பியோட நீளம்) 34 அங்குலமா, 30-ஆ? வலிக்கிறது அழுத்தற இடது கையா, மீட்டற வலது கையா? இது தெரியாம எந்தக் கம்பி சொன்னாலும் குருட்டாம்போக்குதான்.

மஞ்சுமூட்டம்
கண்ணை மூடிட்டு ஃப்ளாட்வவுண்ட் போடுங்க. உருண்டைக் கம்பி சுத்தின ரவுண்ட்வவுண்ட் மேல விரல் ஓடறது அரத்து மேல தேய்க்கற மாதிரி. ஃப்ளாட்வவுண்ட் தட்டைப் பட்டை சுத்தினது, வழுவழுன்னு இருக்கும். டி'அடாரியோ க்ரோம்ஸ் 45-100 (தடிமன், அங்குலத்துல ஆயிரத்துல எத்தனை பங்குன்னு) போதும். கீச்சு கீச்சு சத்தமும் போயிடும்.

நாலுரோடு_நாதம்
@மஞ்சுமூட்டம் வழுக்கும், சரி. ஆனா அழுத்தற சுமை குறையாதுங்க. அதே கேஜ்ல ஃப்ளாட்வவுண்ட் பெரும்பாலும் இன்னும் இறுக்கமாத்தான் இருக்கும். தொமாஸ்டிக் ஜேஎஃப்344 மாதிரி சிலதுதான் விதிவிலக்கு, அது நல்ல தளர்வு. விலையோ ரெண்டு தடவை யோசிக்க வைக்கும், ஞாயித்துக்கிழமைக்குள்ள மலைக்கும் வந்து சேராது.

மஞ்சுமூட்டம்
அமெரிக்க மோடவுன் கம்பெனி பதிவுகள்ல பேஸ் கலைஞர் ஜேமர்சன் வாசிச்சதே ஃப்ளாட்வவுண்ட்தானே? அவர் விரலுக்கு வலிக்கலையா?

ஆசான்_41ஹெர்ட்ஸ்
ஜேமர்சன் போட்டது தடிச்ச லா பெல்லா, 52-110. அதைச் சுலபத்துக்கு உதாரணம் காட்டறது நல்ல வேடிக்கை. மாசத்துக்கு ரெண்டு தடவை இதே கேள்வி வருது, பழைய இழையைத் தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. கணக்கைச் சொல்றேன், எழுதி வெச்சுக்கங்க. இறுக்கம் கம்பியோட எடையைப் பொறுத்து நேராவும், நீளத்தையும் அதிர்வெண்ணையும் பொறுத்து வர்க்கமாவும் மாறும். தடிச்ச ஈ கம்பி 105-ல இருந்து 100-க்கு வந்தா சுமார் 9 சதம் குறையும். மெல்லிசான ஜி கம்பி 45-ல இருந்து 40-க்கு வந்தா சுமார் 20 சதம். அதே கம்பியை அரை சுரம் இறக்கினா 11 சதம், காசு செலவே இல்லை. 34 அங்குலத்துக்குப் பதில் 30 அங்குல பேஸ்ல மாட்டினா 22 சதம். பிராண்டு பேர் எல்லாம் இதுக்கு அப்புறம்.

குண்டுமல்லி_பேஸ்
நாலு கம்பி, 34, இடது கை. கேஜ் தெரியலைங்க, வாங்கும்போதே இருந்த கம்பி. சேலத்துல வாசிச்சப்போ இவ்வளவு இல்லை. இப்போ மூணு மாசமா பேஸ் ஏற்காட்டுலதான் இருக்கு.

நாலுரோடு_நாதம்
இந்தக் கடைசி வரியை முதல்லயே சொல்லியிருக்கலாமே கண்ணு! கீழே வறண்ட வெயில், மேலே 1500 மீட்டர் உயரத்துல மூடுபனி. ஈரக்காத்துல நெக் மரம் ஊறி முன்பக்கமா வளையறது வழக்கம். கம்பி ஃபிரெட்டை (நெக் மேல இருக்கிற குறுக்குப் பட்டை) விட்டு மேல தூக்கிக்கும், நீங்க கம்பியைத் திட்டுவீங்க. வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு அளவு எடுங்க.

ஒண்ணு, சுருதி சேர்த்த நிலையில 12-ஆவது ஃபிரெட் உச்சியில இருந்து கம்பியோட அடி வரைக்கும் ஸ்டீல் ஸ்கேல்ல எத்தனை மி.மீ. ஈ கம்பிக்கு 2.5, ஜி கம்பிக்கு 2 சுத்தி இருந்தா நல்லது.

ரெண்டு, கூட ஒருத்தரை வெச்சுக்கிட்டு ஈ கம்பியை முதல் ஃபிரெட்லயும் கடைசி ஃபிரெட்லயும் அழுத்துங்க. 8-ஆவது ஃபிரெட்ல கம்பிக்கு அடியில ஏ4 தாளை ஒவ்வொண்ணா அடுக்கிச் செருகச் சொல்லுங்க. 80 ஜிஎஸ்எம் தாள் ஒண்ணு 0.1 மி.மீ. மூணு நாலு தாள் நுழையலாம்.

மாங்கனி_நகர்
குறுக்க வர்றேன். கடையில "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்"னு ஒரு செட் காட்டறாங்க. எவர்சில்வர் காந்தத்துல ஒட்டாதே, காந்தம் வெச்ச பிக்கப் சத்தத்தை எப்படி எடுக்கும்? ஏமாத்தறாங்களா?

ஆசான்_41ஹெர்ட்ஸ்
உருக்காலை இருக்கிற ஊர்ல இருந்து இப்படி ஒரு கேள்வி! எல்லா எவர்சில்வரும் ஒண்ணில்லை. டம்ளர், தட்டு பெரும்பாலும் 304 ரகம், நிக்கல் கலந்தது, காந்தம் பிடிக்காது. கம்பி மேல சுத்தறது பெரும்பாலும் 430 ரகம், குரோமியம் மட்டும், பிடிக்கும். சட்டைப்பையில இருக்கிற ஒரு ரூபாய் நாணயத்தைக் காந்தத்துல வெச்சுப் பாருங்க, அதுவும் அந்த நிக்கல் இல்லாத, ஃபெரிட்டிக்னு சொல்ற வகைதான். போதாததுக்கு உள்ளே ஓடற நடுக்கம்பி பெரும்பாலும் கார்பன் ஸ்டீல்.

மஞ்சுமூட்டம்
அப்போ நம்ம உருக்காலைலயே கம்பி போடலாமே :)

ஆசான்_41ஹெர்ட்ஸ்
அங்கே உருட்டறது தகடு. கம்பி இழுக்கறது வேற தொழில்.

மாங்கனி_நகர்
ஸ்டெயின்லெஸ் ஃபிரெட்டைத் தின்னுடும்னு சொல்றாங்களே?

நாலுரோடு_நாதம்
நிக்கல் பூச்சைவிட அது கடினம், சாதாரண ஃபிரெட் கொஞ்சம் சீக்கிரம் தேயும். விரலுக்கும் சொரசொரப்பு கூட. ரோட்டோசவுண்ட் ஸ்விங் பேஸ் 66 தடவிப் பார்த்தா தெரியும். ஆனா நிக்கல் பட்டா தோல் அரிக்கறவங்களுக்கு அதுதான் வழி. மல்லி, உங்களுக்கு அரிப்பு இல்லையே? வலி மட்டும்தானே?

குண்டுமல்லி_பேஸ்
வலி மட்டும்தான். அளந்துட்டேன். ஈ 4, ஜி 3.5. தாள் 9 நுழைஞ்சது.

நாலுரோடு_நாதம்
9 தாளா! திருடன் அகப்பட்டான், நெக்தான் வளைஞ்சிருக்கு. கம்பியை ரெண்டு சுரம் தளர்த்திட்டு, நெக்குக்குள்ள ஓடற ட்ரஸ் ராடு முனையை நேராப் பார்த்த மாதிரி வெச்சுக் கடிகாரத் திசையில கால் சுத்து மட்டும் திருப்புங்க. சுருதி சேர்த்து அளங்க. நாலு தாள் வர்ற வரைக்கும் கால் காலா, நடுவுல சில மணி நேரம் விடுங்க. ஆலன் கீ ஆடினா அளவு தப்பு, திருகாதீங்க, முனை வழிஞ்சுடும். முறுக்கு இறுகி அடம் பிடிச்சா நிறுத்திட்டு, கீழே செட்டப் பண்றவங்ககிட்ட கொண்டு போங்க.

அதுக்கப்புறம்தான் சேடில், கீழ் முனையில கம்பி உட்கார்ற துண்டு. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு சின்ன திருகு இருக்கும், ரெண்டையும் சமமா இறக்குங்க. மேல் ஃபிரெட்ல மட்டும் கொரகொரன்னா சேடிலை ஒரு பொட்டு ஏத்துங்க. முதல் மூணு ஃபிரெட்ல மட்டும் கொரகொரன்னா ராடு அதிகமா இறுகியிருக்கு, கொஞ்சம் தளர்த்துங்க.

கம்பி நிக்கல் பூசின ரவுண்ட்வவுண்ட் 45-65-80-100 எடுங்க. டி'அடாரியோ இஎக்ஸ்எல்170, எர்னி பால் சூப்பர் ஸ்லிங்கி, எது கிடைச்சாலும் சரி. ஒவ்வொண்ணா மாத்துங்க. முளையைத் தாண்டி 10-12 செ.மீ. விட்டு, வெட்டற இடத்துக்கு முன்னாடி கம்பியை செங்குத்தா மடக்கி அப்புறம் வெட்டணும், இல்லன்னா சுத்து பிரிஞ்சு கம்பி செத்துடும். மெல்லிசுக்கு இழுப்பு குறைவு, நெக் இன்னும் கொஞ்சம் பின்னால போகும். மறுநாள் திரும்பத் தாள் செருகிப் பாருங்க.

மஞ்சுமூட்டம்
ஃப்ளாட்வவுண்ட் துருவும் குறைவாப் பிடிக்கும். மலைக்கு அதுதான் லாயக்குன்னு இப்பவும் சொல்றேன்.

ஆசான்_41ஹெர்ட்ஸ்
வாசிச்சு முடிச்சதும் காஞ்ச துணியால துடைச்சா எந்தக் கம்பியும் நிக்கும்.

குண்டுமல்லி_பேஸ்
கால் சுத்து ரெண்டு தடவை திருப்பி, சேடிலையும் இறக்கினேன். தாள் 4. ஈ 2.5, ஜி 2. பழைய கம்பியே இப்போ பரவாயில்லைங்க. புதுசு திங்கட்கிழமை வாங்கிக்கறேன். நன்றிங்ணா.

நாலுரோடு_நாதம்
நல்லது. ட்யூனரை வெச்சு 12-ஆவது ஃபிரெட்ல அழுத்தின சுரமும், அங்கேயே லேசாத் தொட்டு எடுக்கற ஹார்மோனிக்கும் ஒத்துப் போகுதான்னு பார்த்தீங்களா? அழுத்தின சுரம் ஏறியிருந்தா சேடிலைப் பின்னால இழுக்கணும்.

மாங்கனி_நகர்
மல்லி? பார்த்தீங்களா? எனக்கும் ஜி கம்பி மட்டும் ஏறியே நிக்குது.

ஆசான்_41ஹெர்ட்ஸ்
புது இழை போடுங்க. அளவோட.