ஈர விறகு எரிச்சா அபராதமா? யாருங்க சொன்னது?

கணக்குப்புள்ள:
நேத்து பக்கத்து திரியில ஒருத்தர் "இங்கிலாந்துல 2021லேருந்து ஈர விறகு எரிச்சாலே குத்தம், கவர்மென்ட் அடுப்புக்குள்ளயே பூந்துருச்சு"ன்னு பொளந்து கட்டியிருக்காரு, அதுக்கு லைக் வேற குவியுது. அண்ணே, அங்க தடை விக்கிறதுக்கு. 2 கன மீட்டருக்கு குறைவா விக்கிற விறகுல ஈரம் 20 சதவீதத்தை தாண்டக்கூடாது. நீங்களே வெட்டுன மரத்தை நீங்க எரிக்கிறதை அந்த விதி தொடவே இல்ல. விக்கிறதுக்கு. எரிக்கிறதுக்கு இல்ல.

விறகுக்கட்டு:
அந்த ஒருத்தர் நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாமே தம்பி. விக்கக்கூடாதுன்னா வாங்க முடியாது, வாங்க முடியலன்னா எரிக்க முடியாது, ரெண்டும் ஒண்ணுதான். எல்லார் வீட்டுக்குப் பின்னாடியும் காடா இருக்கு?

கணக்குப்புள்ள:
ஒண்ணு இல்ல. 2 கன மீட்டரும் அதுக்கு மேலயும்னா ஈரமாவே வாங்கலாம், எப்படி காயவைக்கிறதுன்னு விக்கிறவரு சொல்லிக் குடுக்கணும், அதான் கண்டிஷன். தடை எதுக்கு? விக்கிறதுக்கு.

மூச்சுத்திணறல்:
நீங்க ரெண்டு பேரும் ஈரத்தை அளந்துட்டே இருங்க, நான் இங்க ஜன்னலை சாத்திட்டே இருக்கேன். காய்ஞ்ச விறகுலயும் பிஎம் 2.5, அதான் நுரையீரல் வரைக்கும் போற நுண்துகள், வரத்தான் செய்யும். பத்தவைக்கிற நேரத்துல நிறைய வரும், அப்புறம் ராத்திரி காத்து வர்ற வழியை அடைச்சு கங்கு கனிஞ்சு கிடக்கட்டும்னு விட்டுட்டு தூங்கப் போயிடுறீங்களே அப்பவும் வரும், குளிர் ராத்திரியில மேல சூடான காத்து மூடி போட்ட மாதிரி நின்னுட்டா அந்தப் புகை தெருவுலயேதான் கிடக்கும். உலக சுகாதார நிறுவனம் 2021ல அந்தத் துகளோட வருஷ சராசரி வரம்பையே கன மீட்டர் காத்துக்கு 10 மைக்ரோகிராம்லேருந்து 5க்கு இறக்கிருச்சு. இதுல விக்கிறதா எரிக்கிறதான்னு பஞ்சாயத்து.

விறகுக்கட்டு:
என் அடுப்பு அமெரிக்காவோட 2020 தரம் அம்மா, மணிக்கு 2 கிராம் துகள்தான் விடும். உங்க ஜன்னலை சாத்துறதுக்கு நான் குளிர்ல விறைக்கணுமா?

கணக்குப்புள்ள:
அந்த 2 கிராம் லேப்ல சார். அந்த சர்டிபிகேட்டையெல்லாம் முழுசா நம்ப முடியாதுன்னு அவங்க சுற்றுச்சூழல் துறையோட தணிக்கைப் பிரிவே 2023ல எழுதிருச்சு. அதை விடுங்க, கேட்டதுக்கு பதில் சொல்லுங்க, விக்கிறதுக்கா எரிக்கிறதுக்கா?

குறுக்குசால்:
1952 லண்டன் புகையில ஆயிரக்கணக்குல செத்தாங்க, அதுக்கப்புறம்தான் 1956 தூய காற்றுச் சட்டம். வரலாறு தெரியாம ரெண்டு பேரும் கத்துறீங்க. இன்னைக்கும் இங்கிலாந்துல புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியில புகைபோக்கியிலேருந்து புகை வந்தா 175லேருந்து 300 பவுண்டு வரை அபராதம் போடலாம்.

விறகுக்கட்டு:
அது நிலக்கரிப் புகை, விறகு மேல பழி போடாதீங்க. ஆனா பாத்தீங்களா, அபராதம்னு அவரே சொல்லிட்டாரு! கணக்கு, இப்ப என்ன சொல்றீங்க?

கணக்குப்புள்ள:
அது வேற சட்டம் அண்ணே வேற சட்டம், அது புகைக்கு, ஈரத்துக்கு இல்ல. கட்டை எலும்பு மாதிரி காய்ஞ்சிருந்தாலும் புகை வந்தா போடலாம். நீங்க எழுதுனது "ஈர விறகு எரிச்சாலே குத்தம்". அந்த வரி தப்பு. தப்பு.

மூச்சுத்திணறல்:
ஈர விறகுன்னா தண்ணியை ஆவியாக்கவே சூட்டுல ஒரு பங்கு போயிடும், நெருப்பு தணிஞ்சு அரைகுறையா எரியும், புகையும் வரும், புகைபோக்கிக்குள்ள தாரும் படியும், அதுவே ஒருநாள் தீப்பிடிக்கும். இதைச் சொல்ல சட்டமே தேவையில்ல. கனடாவோட மாண்ட்ரியல்ல 2018 அக்டோபர்லேருந்து மணிக்கு 2.5 கிராமுக்கு மேல துகள் விடுற அடுப்பையே எரிக்கக் கூடாது. கவனிங்க, எரிக்க.

விறகுக்கட்டு:
அங்கயும் கரண்ட் 3 மணி நேரத்துக்கு மேல போனா எந்த அடுப்பையும் எரிக்கலாம், அதை மட்டும் சாமர்த்தியமா விட்டுட்டீங்க.

கணக்குப்புள்ள:
மாண்ட்ரியலுக்கு தனித் திரி போடுங்க. விறகுக்கட்டு அண்ணன் ஹீட் பம்ப் (வெளிக்காத்துச் சூட்டை வீட்டுக்குள்ள இழுக்குற மெஷின்) திரியிலயும் இப்படித்தான், மாட்டிக்கிட்டா ஊரை மாத்திடுவாரு.

குறுக்குசால்:
ஹீட் பம்ப் திரியில நீங்க மட்டும் யோக்கியமா? பாதியில ஓடினது யாரு?

கணக்குப்புள்ள:
ஓடல, ஆபீஸ் வேலை. அங்க நான் சொன்னது ஒவ்வொண்ணும் இன்னைக்கும் நிக்குது.

விறகுக்கட்டு:
இருங்க, அந்தத் திரியை அப்படியே தோண்டி எடுத்துட்டு வர்றேன், யாரு யாரை அரைவேக்காடுன்னு சொன்னதுன்னு எல்லாரும் பாக்கட்டும்.