மகளின் கட்டுரையில் 'ஸெனித்' என்ற சொல்லைச் சுழித்திருக்கிறார்கள், ஏன்?

ஈசூன் அப்பா:
வணக்கம். மகள் உயர்நிலை 1 படிக்கிறாள். புக்கிட் தீமா ஏறிய அனுபவத்தை ஆங்கிலக் கட்டுரையாக எழுதினாள். மூச்சு வாங்க மலையின் 'ஸெனித்'தை அடைந்தோம் என்று அதில் ஒரு வரி. ஆசிரியர் சிவப்பு மையில் சுழித்து, பொருந்தாத சொல் என்று மட்டும் குறித்திருக்கிறார். துணைப்பாட வகுப்பில் கொடுத்த தாளை எடுத்துப் பார்த்தால் பீக், சம்மிட், ஏபெக்ஸ், ஸெனித், பினக்கிள், அக்மி எல்லாம் ஒரே வரிசையில், எல்லாவற்றுக்கும் ஒரே பொருள். நான் தமிழ்வழியில் படித்தவன், எனக்கு இவை அத்தனையும் 'உச்சம்'தான். அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? மனப்பாடம் செய்யச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

தேக்கா வாசகி:
அண்ணா, சுழித்தது சரிதான், ஆனால் ஒரு வரி விளக்கமும் எழுதியிருக்கலாம். ஸெனித் மலையில் இல்லை, வானத்தில் இருக்கிறது. நாம் எங்கே நின்றாலும் உச்சந்தலைக்கு நேர் மேலே வானத்தில் இருக்கும் புள்ளி அது. 'தலைக்கு மேலுள்ள வழி' என்று பொருள்படும் அரபுத் தொடர் லத்தீன், பிரெஞ்சு என்று கைமாறி உருமாறி வந்ததுதான் இந்தச் சொல். புக்கிட் தீமாவில் ஏறி நின்றாலும் அது தலைக்கு மேலேதான் இருக்கும், காலால் போய்ச் சேர முடியாது. சூரியன் அங்கே வரும், அப்புறம் சாயும். அதனால்தான் ஒரு பேரரசுக்கோ ஒருவருடைய புகழுக்கோ இந்தச் சொல் அவ்வளவு அழகாகப் பொருந்துகிறது. ராஜேந்திர சோழன் காலத்தில் சோழர் ஆட்சி ஸெனித்தில் இருந்தது என்று தாராளமாக எழுதலாம். இதற்கு எதிர்ச்சொல் நேடிர், காலுக்கு நேர் கீழே உள்ள புள்ளி, அதுவும் அரபுதான்.

சிங்கப்பூரில் இருந்துகொண்டு இதைச் சொல்லால் மட்டும் விளக்க வேண்டாம், காட்டியே விடலாம். நாம் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றேகால் பாகைக்குக் கொஞ்சம் மேல்தான் வடக்கே இருக்கிறோம். மார்ச் 23, 24 வாக்கிலும் செப்டம்பர் 19, 20 வாக்கிலும் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும். அன்று புளோக்குக்குக் கீழே வெயில் விழும் இடத்தில் ஒரு தண்ணீர்ப் போத்தலை நேராக நிறுத்தி வையுங்கள். நிழல் சுருங்கிச் சுருங்கி அடிப்பாகத்துக்குள்ளேயே போய்விடும். 12 மணிக்குப் போய் நிற்காதீர்கள், நம் கடிகாரம் நமக்குக் கிழக்கே உள்ள 120 பாகைத் தீர்க்கரேகையின் நேரத்தில் ஓடுவதால் நமக்கு உச்சிப்பொழுது ஒரு மணியை ஒட்டித்தான் வரும். மார்ச்சில் 1.10 வாக்கில், செப்டம்பரில் ஒரு மணிக்குச் சற்று முன்னால்.

மகளுக்கு வேண்டியிருந்த சொல் சம்மிட். ஏறிப் போய்க் கால் வைத்து நிற்கும் இடம் அது. புக்கிட் தீமா மேலே 163.63 மீட்டர் என்று எழுதிய பாறை இருக்கிறதே, எல்லாரும் சாய்ந்து நின்று படம் எடுப்பார்களே, அதுதான் சம்மிட். நாட்டுத் தலைவர்கள் கூடுவதற்கும் அதே சொல் வந்தது 1950இல் சர்ச்சில் பேசிய ஒரு பேச்சுக்குப் பிறகு. 2018 ஜூன் 12இல் டிரம்ப்பும் கிம்மும் செந்தோசாவில் சந்தித்தது நினைவிருக்கும். பீக் என்றால் கூர்மை. தூரத்திலிருந்து பார்க்கும்போது கூம்பாகத் தெரிகிற முனை. புக்கிட் தீமாவுக்குத் தார்ச்சாலையே மேல்வரை போகிறது, அதன் தலையில் கூர்மை எங்கே இருக்கிறது? வரைபடத்தில் கோடு ஏறி இறங்கும் இடமும் பீக்தான், அதனால்தான் எம்ஆர்டியில் காலையும் மாலையும் 'பீக்' நேரம் வந்து வந்து போகிறது.

இரவுப்பணித் தாதி:
ஏபெக்ஸ் பற்றி ஒன்று சொல்கிறேன். அது எப்போதும் மேலே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். இதயத்தின் ஏபெக்ஸ் கீழே, இடப்பக்கம் சாய்ந்திருக்கும் முனை. நாங்கள் துடிப்பைக் கேட்க ஸ்டெதஸ்கோப் வைப்பது ஐந்தாவது விலா இடைவெளியில், காறை எலும்பின் நடுவிலிருந்து நேர் கீழே இறங்கும் கோட்டில். நுரையீரலின் ஏபெக்ஸ் மேலே, பல் வேரின் ஏபெக்ஸ் ஈறுக்கு அடியில் தாடை எலும்பில் புதைந்திருக்கும். ஆக, ஏபெக்ஸ் என்றால் ஒரு வடிவம் குவிந்து முடியும் நுனி. முக்கோணம், உணவுச் சங்கிலி, அதிகார அடுக்கு இவற்றுக்கெல்லாம் சரியாக வரும்.

டக்ஸ்டன் பக்கத்துக்காரர்:
தமிழில் எல்லாமே 'உச்சம்'தான் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் கோபுரத்தைப் பாருங்கள், மேலே நிற்பது கலசம். கட்டி முடித்த ஒன்றின் தலையில் நிமிர்ந்து நிற்கும் அந்தச் சிறு அழகுதான் பினக்கிள், பழைய தேவாலயங்களில் சுவருக்கு மேலே வைத்த குட்டிக் கோபுரத்தின் பெயர். எங்கள் பக்கத்து ஐம்பது மாடி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குக்கும் அந்தப் பெயரையே வைத்திருக்கிறார்கள். லத்தீனில் குல்மென் என்றால் கூரையின் முகடு, கல்மினேஷன் அதிலிருந்து வந்தது. இரண்டு பக்கச் சரிவும் ஏறி வந்து ஒன்றுசேரும் இடம் என்பதால், பல நாள் உழைப்பு ஒரு நாளில் வந்து முடிவதற்கு அதைச் சொல்கிறோம். கிளைமாக்ஸ் கிரேக்கத்தில் ஏணி, படிப்படியாக ஏறியிருக்க வேண்டும், திடீரென்று வந்தால் அது கிளைமாக்ஸ் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது வெர்டெக்ஸ். முதலில் சுழல், அப்புறம் தலையில் முடி சுழித்திருக்கும் இடம், அப்புறம் எதற்குமான உச்சி. நம் 'உச்சி'யும் தலையும் மலையும் நடுப்பகலும் என்று எல்லாமாக இருக்கிறது, இல்லையா? உச்சி முகர்கிறோம், மலையுச்சி என்கிறோம், உச்சி வெயில் என்கிறோம். முதலில் தமிழில் எந்த உச்சி என்று மகளைக் கேளுங்கள். உச்சி வெயில் என்றால் ஸெனித், மலையுச்சி என்றால் சம்மிட். அக்மியை இந்த வயதில் விட்டுவிடலாம், நல்ல எழுத்தாளர்களே அதிகம் தொடுவதில்லை.

ஈசூன் அப்பா:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எல்லாவற்றையும் அவளை உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். இதயம் என்றதும் நெஞ்சில் கை வைத்து ஏபெக்ஸ் தேட ஆரம்பித்துவிட்டாள். வரியைத் தானே மாற்றி எழுதினாள்: சம்மிட்டை அடைந்தபோது மணி ஒன்று, சூரியன் கிட்டத்தட்ட ஸெனித்தில். அவர்கள் போனது மார்ச் விடுமுறைக்கு முந்தைய வாரம், 'கிட்டத்தட்ட' போட்டிருப்பதால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், தேக்கா அக்கா பார்த்துச் சொல்லுங்கள்.

தேக்கா வாசகி:
சரியாக இருக்கிறது அண்ணா. அந்த வாரம் சூரியன் தலைக்கு நேர் மேலிருந்து சில பாகைதான் தெற்கே தள்ளியிருக்கும். அப்படியே கொடுக்கச் சொல்லுங்கள்.